ஸ்கேலிங்குடன் குர்குமின் ஜெல்: ஆய்வுத் திட்டத்தில் ஓட்டை எங்கே?

#1 பல்லவன்

முதுநிலை ஆய்வேட்டுக்கான திட்டம் இது. எதிக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் முன் இங்கே போடுகிறேன். தயவு தாட்சண்யம் பார்க்காமல் பிரித்து மேயுங்கள்.

நோயாளிகள்: ஸ்டேஜ் 2, 3 பெரியோடான்டைட்டிஸ் (பல்லைத் தாங்கும் ஈறு, எலும்பு நோய்), 20 பேர். இரு பக்கமும் 5 மிமீ அல்லது அதற்கு மேல் ஆழமுள்ள, ரத்தம் கசியும் பாக்கெட்டுகள் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே நோயால் ஆழமான பள்ளங்கள்) இருக்க வேண்டும். ஸ்ப்ளிட் மவுத் முறை, அதாவது ஒரே வாயின் இரு பக்கத்தையும் ஒப்பிடுவது. இரு பக்கமும் ஸ்கேலிங், ரூட் பிளானிங் (பற்காரையை நீக்கி வேரை வழுவழுப்பாக்குவது). பிறகு ஒரு பக்கம் மட்டும் பாக்கெட்டுக்குள் 1% குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்) ஜெல், ஒரே முறை. மறுபக்கம் ஸ்கேலிங் மட்டும். ஜெல்லின் அடிப்படை 20% போலக்சமர் 407 (குளிரில் ஓடும், சூட்டில் கெட்டியாகும் பாலிமர்).

அளவீடுகள்: பாக்கெட் ஆழம், ஒட்டுநிலை (பல்லின் தலையும் வேரும் சேரும் கோட்டிலிருந்து பாக்கெட்டின் அடிவரை உள்ள தூரம்), புரோப் (ஆழம் அளக்கும் கோடிட்ட கம்பி) செய்யும்போது ரத்தக் கசிவு, பிளாக் இண்டெக்ஸ் (பல்லில் படியும் அழுக்கின் அளவு), ஜிஞ்சைவல் இண்டெக்ஸ் (ஈறு அழற்சியின் அளவு). 1, 3, 6 மாதங்களில்.

விலக்குபவை: புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், கடந்த 6 மாதத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்கள் அல்லது ஸ்கேலிங் செய்துகொண்டவர்கள்.

#2 கிரேசி_13_14

மருந்துக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். எந்தப் பக்கம் ஜெல் என்பது ஸ்கேலிங் செய்கிறவருக்கு எப்போது தெரியவரும்? திட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த வகை ஆய்வுகள் பெரும்பாலும் இங்கேதான் கோணலாகின்றன. எந்தப் பக்கம் ஜெல் என்று எழுதிய கவரை முதலிலேயே பிரித்துவிட்டால், ‘ஜெல் பக்கம்’ என்று தெரிந்த பக்கத்தில் கை தானாகவே இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் நடக்கும். பிறகு ஜெல்லுக்குக் கிடைத்த பெயர் உண்மையில் க்யூரெட்டின் (வேரைச் சுரண்டும் கருவி) பெயர். அதனால் இரு பக்கமும் முழுக்க முடித்து, எக்ஸ்ப்ளோரரால் (கூர்முனைக் கம்பி) வேரைத் தடவிப் பார்த்து, வழுவழுப்பாக இருக்கிறது என்று படிவத்தில் குறித்த பிறகுதான் கவரைப் பிரிக்க வேண்டும். எண்ணிட்ட, ஒளி புகாத, ஒட்டிய கவர். அதைத் தயாரிப்பவர் சிகிச்சை அறைக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும். ஒவ்வொரு பல்லுக்கும் எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் எழுதுங்கள். இரு பக்கத்து நேரமும் ஒத்துப்போனால், பின்னால் கேள்வி வரும்போது காட்ட உங்களிடம் ஒன்று இருக்கும்.

அடுத்தது ரத்தம். ரூட் பிளானிங் முடிந்த பாக்கெட்டில் ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஜெல்லை ஏற்றினால் அது அடிவரை போகாது, ரத்தத்தோடு கலந்து மேலே மிதந்து வந்துவிடும். நனைத்த காஸ் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கசிவு நின்றபின் பஞ்சுருளைகளால் பல்லைச் சுற்றித் தனிமைப்படுத்துங்கள். கசிவு நிற்கவே இல்லையா? பெரும்பாலும் அடியில் பற்காரை மிச்சம் இருக்கிறது அல்லது கிரானுலேஷன் திசு (அழற்சியால் வளர்ந்த மென்திசு) இருக்கிறது என்று அர்த்தம். திரும்ப உள்ளே போய்ப் பாருங்கள்.

செலுத்துவதற்கு முனை மழுங்கிய, வளைத்த ஊசி. பாக்கெட்டின் அடியைத் தொட்டபின் அரை மிமீ பின்னிழுத்து, அங்கிருந்து மெல்ல நிரப்பிக்கொண்டே ஊசியை மேலே கொண்டுவர வேண்டும். ஈறு விளிம்பில் ஜெல் எட்டிப்பார்த்ததும் நிறுத்துங்கள். ஊசியை அடியில் வைத்தே அழுத்தினால் வலியும் வரும், காற்றுக்குமிழும் சிக்கிக்கொள்ளும்.

#3 கலவை407

ஜெல் தயாரிப்புப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

பாக்கெட் என்பது அசையாத குட்டை கிடையாது. 5 மிமீ பாக்கெட்டில் எந்த நேரமும் இருக்கும் ஈறு திரவம் ஏறத்தாழ 0.5 மைக்ரோலிட்டர். நோயுள்ள இடத்தில் அது ஊறும் வேகம் மணிக்கு 20 மைக்ரோலிட்டர் அளவில். அதாவது மணிக்கு 40 முறை முழுவதும் புதிதாக மாறுகிறது. கரைந்த நிலையில் உள்ளே போன, எதிலும் ஒட்டாத எந்த மருந்தும் நிமிடத்துக்கு நிமிடம் பாதியாகக் குறையும். பத்து நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இந்தக் கணக்குக்கு எதிராகத்தான் ஜெல் நிற்க வேண்டும்.

வெறும் போலக்சமர் நிற்குமா? உடல் சூட்டில் அது கெட்டியாவது உண்மை. ஆனால் புதுத் திரவம் வந்து மோத மோத மேற்பரப்பிலிருந்து கரைந்துகொண்டே போகும். நாள் கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம், மணிக்கணக்குதான். ஒட்டும் தன்மைக்கு கார்போபால், எச்பிஎம்சி, கைட்டோசான் இவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டிவரும். ‘ஒரே முறை ஜெல், 6 மாதம் கழித்துப் பலன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் மருந்து எத்தனை மணி நேரம் அங்கே இருந்தது என்பதற்கு ஒரு எண் வேண்டாமா? சந்தைக்கு வந்த 25% மெட்ரோனிடசோல் ஜெல்லையே ஒரு வாரம் கழித்து இரண்டாம் முறை வைக்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

இனி குர்குமின். தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. 1% என்றால் 100 கிராமில் 1 கிராம். போலக்சமர் மூலக்கூறுகள் சேர்ந்து உருவாகும் நுண்ணுருண்டைகள் (மைசெல்கள்) கொஞ்சத்தை உள்வாங்கும், மீதி துகளாகவே நிற்கும். ஆக உங்கள் கையில் இருப்பது கரைசல் அல்ல, தொங்கல். குளிர்நிலையில் போலக்சமர் தண்ணீர்போல ஓடும் என்பதால், ஃப்ரிட்ஜில் வைத்த சிரிஞ்சில் துகள் கீழே படிந்துவிடும். முதல் பாக்கெட்டுக்கு 2% போகும், கடைசிப் பாக்கெட்டுக்கு வெறும் அடிப்படை போகும். மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் மாதிரி எடுத்து, மெத்தனாலில் கரைத்து, 425 நானோமீட்டர் பக்கம் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

செய்முறை: தண்ணீரை 4 டிகிரிக்குக் குளிரவைத்து, போலக்சமரைத் தூவித் தூவிக் கலக்குங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். கலக்கி முடித்ததும் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் விட்டால் தெளிந்துவிடும், நுரையும் அடங்கும். குர்குமினை நன்றாக அரைத்து, சிறிதளவு பிஇஜி 400-இல் (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவம்) குழைத்து, குளிர்ந்த கரைசலில் சேருங்கள். பிஎச் 6-ஐ ஒட்டி வையுங்கள், காரப் பக்கம் போகவே கூடாது. சீரம் இல்லாத பிஎச் 7.2 பஃபரில், 37 டிகிரியில், குர்குமின் அரை மணி நேரத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். சீரம் புரதம் இருந்தால் சிதைவு மெதுவாகும். பாக்கெட்டில் சீரம் உண்டு என்பது ஒரு ஆறுதல். வெளிச்சமும் ஆகாது என்பதால் பழுப்புக் கண்ணாடி, சிரிஞ்சைச் சுற்றி ஃபாயில்.

கெட்டியாகும் வெப்பநிலையை மருந்து, பிஇஜி, ஒட்டுப்பொருள் எல்லாம் சேர்த்தபின்தான் அளக்க வேண்டும். சோதனைக்குழாயைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, சாய்த்தால் எப்போது வழியாமல் நிற்கிறது என்று பார்ப்பதே போதும். 28 முதல் 34-க்குள் வந்தால் நல்லது. 25-க்குக் கீழே என்றால் சிரிஞ்சிலேயே உறைந்து ஊசி அடைக்கும். 37-க்கு மேலே என்றால் பாக்கெட்டில் தண்ணீராகவே நிற்கும். ‘20%’ என்பதை இப்போதே திட்டத்தில் பூட்டிவிடாதீர்கள். 17-லிருந்து 22 வரை நான்கைந்து செய்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

#4 பல்லவன்

நன்றி. கவர் விஷயமும் துகள் படிவதும் யோசிக்கவே இல்லாதவை.

இரண்டு சந்தேகம். ஆய்வகத்தில் டயாலிசிஸ் பையில் வைத்துப் பார்த்ததில் மருந்து 5 நாள் வரை மெதுவாக வெளிவருகிறது. அதைத் தங்கும் காலத்துக்கு ஆதாரமாகக் காட்டலாமா? ஒவ்வொரு இடத்திலும் 0.1 மிலி என்று எழுதினால் போதுமா?

#5 கலவை407

காட்டக் கூடாது. பைக்குள் இருக்கும் ஜெல் ஓடிப்போக வழியில்லை. பையே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது மருந்து வெளிவரும் வேகத்தைச் சொல்லும், ஜெல் தங்கும் காலத்தைச் சொல்லாது. இன்னொன்று, பஃபரில் குர்குமின் கரையாது என்பதால் வெளியே உள்ள திரவம் சீக்கிரமே நிறைவடைந்துவிடும். ‘மெதுவாக வெளிவருகிறது’ என்பது அந்த நிறைவின் மாயமாகக்கூட இருக்கலாம். பஃபரில் ட்வீன் 80 போன்ற, கரைய உதவும் ஒன்றைச் சேர்த்துத் திரும்பச் செய்யுங்கள். 5 நாளில் சிதைந்துபோன குர்குமினும் கணக்கில் வராமல் போயிருக்கும்.

உண்மையான தங்கும் காலம் வேண்டுமென்றால் முன்னோட்டமாகச் சிலருக்கு வைத்து, 1, 4, 24 மணி நேரத்தில் பேப்பர் பாயின்ட்டால் (உறிஞ்சும் மெல்லிய காகிதக் குச்சி) எடுத்து, மெத்தனாலில் இறக்கி அளங்கள். ஒவ்வொரு நேரத்துக்கும் வேறு வேறு பாக்கெட். அதே பாக்கெட்டில் மூன்று முறை உறிஞ்சினால் நீங்களே ஜெல்லை வெளியே எடுத்தவர் ஆவீர்கள்.

0.1 மிலி பற்றி: பல பாக்கெட் அவ்வளவு கொள்ளாது. வழிந்தது எவ்வளவு, உள்ளே நின்றது எவ்வளவு என்று தெரியாது. ஊசியின் கழுத்தில் தங்கும் அளவும் இதே ரகம்தான். சிரிஞ்சை ஊசியோடு, முன்னும் பின்னும் மில்லிகிராம் தராசில் எடை போடுங்கள். வழிந்ததைத் துடைத்த, முன்பே எடை போட்ட பஞ்சையும் போடுங்கள். பஞ்சு எச்சிலையும் உறிஞ்சும் என்பதால் கணக்கு துல்லியமாக வராதுதான். ஆனாலும் ‘0.1 மிலி’ என்று கண்ணை மூடி எழுதுவதைவிட மேல்.

#6 புரோப்_15

அளவீட்டுக்கு வருவோம். புரோபின் கோடு 1 மிமீ. நீங்கள் தேடும் வித்தியாசம் அரை மிமீ இருந்தால் பெரிது. ஆகவே கை நடுங்கினாலே முடிவு மாறும்.

செய்ய வேண்டியவை: ஒரே அளவையாளர், அவர் ஜெல் வைப்பவராக இருக்கவே கூடாது. ஆய்வு தொடங்கும் முன், இதில் சேராத நோயாளிகளிடம் 48 மணி நேர இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் 1 மிமீக்குள் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். 90% இல்லையென்றால் ஆரம்பிக்க வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் அக்ரிலிக் ஸ்டென்ட்டில் (பல்வரிசை மேல் பொருந்தும் வழிகாட்டி உறை) பள்ளம் வெட்டி வையுங்கள். 6 மாதம் கழித்தும் புரோப் அதே சாய்வில் இறங்க வேண்டும். ஸ்டென்ட்டை அந்த நோயாளியின் பல் வார்ப்பின் மேலேயே வைத்திருங்கள், தனியாகப் போட்டால் கோணிவிடும். அழுத்தம் 0.25 நியூட்டன், அதாவது 25 கிராம் எடை அளவு. அழுத்தம் காட்டும் புரோப் கிடைத்தால் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அழற்சியுள்ள ஈறில் புரோப் முனை அடியைத் தாண்டித் திசுவுக்குள்ளேயே இறங்கிவிடும். அழற்சி அடங்கினால் அதே இடத்தில் முன்பே நின்றுவிடும். எதுவும் புதிதாக ஒட்டாமலே ஆழம் குறைந்ததாகத் தெரியும். அதோடு ஈறு சுருங்குவதும் சேரும். முன்பு ஆழம் 6, ஈறு விளிம்பு சரியாக சிஇஜே-யில் (பல்லின் தலையும் வேரும் சேரும் கோடு). பின்பு ஆழம் 4, விளிம்பு 1 மிமீ கீழிறங்கியிருக்கிறது. ஆழத்தில் லாபம் 2, ஒட்டுநிலையில் லாபம் 1 மட்டுமே. அட்டவணையில் முதலாவதை மட்டும் போட்டால் படிப்பவர் ஏமாறுவார்.

1 மாத அளவீட்டை எடுத்துவிடுங்கள். ஆறிக்கொண்டிருக்கும் இடத்தை நோண்டுவது புண்ணைக் கிளறுவது மாதிரி. 6 வாரத்துக்கு முன் புரோப் போகவே கூடாது. 3 மாதம், 6 மாதம் போதும்.

#7 சராசரியை_நோக்கி

20 பேர், ஒவ்வொருவருக்கும் 10 இடம், ஆக 200 இடம் என்று டி-டெஸ்ட் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடப்போகிறீர்கள் என்றால் இப்போதே நிறுத்துங்கள். ஒரே வாயின் இடங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அந்தச் சார்பின் அளவான ஒத்திசைவு 0.2 என்று வைத்தால், பெருக்கக் காரணி 1 + (10−1)×0.2 = 2.8. உங்கள் 200 இடம் உண்மையில் 71 இடத்தின் தகவலைத்தான் தருகிறது. அலகு நோயாளிதான். ஒவ்வொருவருக்கும் பக்கவாரியாகச் சராசரி எடுங்கள், அல்லது நோயாளியைத் தொகுதியாக வைத்த கலப்பு மாதிரி (ஒரே ஆளின் இடங்கள் சார்ந்தவை என்பதைக் கணக்கில் கொள்ளும் புள்ளியியல் முறை) போடுங்கள்.

5 மிமீக்கு மேல் என்று பொறுக்கி எடுத்த இடங்கள், எதுவும் செய்யாமலே அடுத்த முறை கொஞ்சம் குறைவாகத்தான் அளக்கும். கூடவே, ஆய்வில் சேர்ந்தவர் பல் துலக்குவதும் திருந்திவிடும். ஆகவே ‘முன்–பின் p < 0.001’ என்ற வரிக்கு மதிப்பே இல்லை. எந்தத் தொகுதியிலும் அது வரும். பார்க்க வேண்டியது இரு தொகுதிக்கும் இடையிலான வித்தியாசம், ஆரம்ப ஆழத்துக்குச் சரிசெய்தபின். அதற்கு 95% நம்பிக்கை இடைவெளியும் வேண்டும்.

அளவீடு ஐந்து, நேரம் மூன்று, மொத்தம் பதினைந்து சோதனை. ஏதாவது ஒன்று தற்செயலாகவே ‘வெற்றி’ பெறலாம். முதன்மை முடிவு ஒன்றே ஒன்று: 6 மாதத்தில் ஒட்டுநிலை லாபம். முதல் நோயாளி சேரும் முன்பே பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

#8 கிரேசி_13_14

ஸ்ப்ளிட் மவுத் பற்றி யாரும் பேசவில்லையே. இதில் நான் பல்லவன் பக்கம். வைப்பது ஒரு இடத்துக்கு 1 மிகி மருந்துகூட இல்லை. அது வழிந்து எச்சிலில் கலந்து மறுபக்கம் 6 மிமீ பாக்கெட்டுக்குள் இறங்கும் என்பது நடவாத காரியம். அதே வாய், அதே துலக்கல், அதே எதிர்ப்புச் சக்தி, இந்த ஒப்பீட்டுக்கு ஈடு கிடையாது.

#9 சராசரியை_நோக்கி

மருந்து கசிவதைப் பற்றி எனக்கும் பெரிய கவலை இல்லை. கவலை வேறு. இரு பக்கமும் ஒரே மாதிரி ஆழமான பாக்கெட் உள்ளவர்களாகத் தேடினால் ஒரு தனி ரக நோயாளிகள்தான் கிடைப்பார்கள். சிகிச்சை பெறாத பக்கம் என்று நினைத்து ஒரு பக்கத்தை அழுத்தித் துலக்குகிறவர்களும் உண்டு. மறுபக்கம் ஸ்கேலிங் மட்டும் என்று விட்டால் இது இன்னும் மோசம். இரு பக்கமும் ஏதோ ஒரு ஜெல் வைத்தால் ஸ்ப்ளிட் மவுத்தை நான் எதிர்க்க மாட்டேன்.

எண்ணிக்கையில் லாபம் இருக்கிறதுதான். 0.5 மிமீ வித்தியாசம், திட்ட விலக்கம் 1, 80% ஆற்றல் (உண்மையில் இருக்கும் வித்தியாசம் பிடிபடும் வாய்ப்பு) என்றால் தனித்தனித் தொகுதிக்கு 63 பேர் வீதம், இடையில் விடுபவர்களுக்காக 70. அதே கணக்கை ஸ்ப்ளிட் மவுத்தில், இரு பக்க ஒத்திசைவு 0.5 என்று போட்டால் மொத்தம் 32 பேர். உங்கள் 20 பேருக்கு 0.6 மிமீக்குக் குறைந்த வித்தியாசம் பிடிபடுவது கடினம்.

#10 பல்லவன்

0.5 மிமீ என்ற எண் எங்கிருந்து வருகிறது? 1 மிமீ என்று வைத்தால் 20 பேரே போதும் போலிருக்கிறதே. இன்னொன்று, வெறும் ஜெல்லை மறுபக்கம் வைத்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடுமே. குர்குமின் ஆரஞ்சு கலந்த மஞ்சள், போலக்சமர் தண்ணீர் நிறம்.

#11 சராசரியை_நோக்கி

போதும், ஆனால் 1 மிமீ வரப்போவதில்லை. 2015-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஸ்கேலிங்–ரூட் பிளானிங்கின் சராசரி ஒட்டுநிலை லாபமே அரை மிமீ அளவில். அதற்கு மேல் கூடுதலாகக் கிடைத்தது: குளோர்ஹெக்சிடின் சிப் 0.40, டாக்சிசைக்ளின் ஜெல் 0.64, மினோசைக்ளின் நுண்ணுருண்டை 0.24 மிமீ. நாள் கணக்கில் பாக்கெட்டில் மருந்தை விடும்படி வடிவமைத்த தயாரிப்புகளின் கதி இது. மணிக்கணக்கில் கரையும் ஜெல் இதைத் தாண்டும் என்று கணக்குப் போடுவது ஆசை, கணக்கல்ல.

1 மிமீக்கு மேல் கூடுதல் லாபம் காட்டிய ஜெல்கள் இல்லாமல் இல்லை, ஸ்டாட்டின், மெட்ஃபார்மின் என்று. அவ்வளவு இருந்தும் 2020-இல் வந்த ஐரோப்பியப் பெரியோடான்டாலஜிக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் இரண்டையும் பயன்படுத்த வேண்டாம் என்றே சொன்னது. நீடித்து வெளிவிடும் குளோர்ஹெக்சிடினையும், உள்ளே வைக்கும் சில ஆன்டிபயாட்டிக்குகளையும் மட்டும் ‘பரிசீலிக்கலாம்’ என்ற அளவில் நிறுத்தியது.

சராசரி மிமீயோடு ‘மூடிய பாக்கெட்’ சதவீதத்தையும் கொடுங்கள். 4 மிமீ அல்லது அதற்குக் கீழ், ரத்தக் கசிவு இல்லை. அறுவை தவிர்ந்ததா என்பதுதான் சிகிச்சை செய்பவருக்கு வேண்டிய எண்.

#12 கலவை407

நிறத்துக்கு வழி உண்டு, முழுமையானது இல்லை. வெறும் ஜெல்லில் டார்ட்ராசின் சேர்த்து மஞ்சளாக்கலாம். அதற்கு ஒவ்வாமை உள்ளவர்களை விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ரைபோஃபிளேவின் வேண்டாம், வெளிச்சத்தில் அது சும்மா இருக்காது. நிறச்சாயல் சரியாகப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டும் மஞ்சள் என்றால் நோயாளிக்குத் தெரியாது. ஜெல் வைப்பவருக்குத் தெரிந்தாலும், கவரைப் பிரிக்கும்போது ஸ்கேலிங் முடிந்திருக்கும், அளவையாளர் தனி ஆள். 3 மாதத்தில் கறை ஏதும் இருக்காது. கடைசி வருகையில் ‘எந்தப் பக்கம் மருந்து என்று நினைக்கிறீர்கள்?’ என்று நோயாளியையும் அளவையாளரையும் கேட்டுக் குறித்துவையுங்கள். பாதிக்குப் பாதி சரியாக இருந்தால் மறைப்பு நின்றது என்று அர்த்தம்.

வெறும் ஜெல்லின் பாகுநிலை, பிஎச், பிஇஜி அளவு எல்லாம் மருந்து ஜெல்லுக்குச் சமமாக இருக்க வேண்டும். குர்குமின் துகள் இல்லாததால் வெறும் ஜெல் வேறு வெப்பநிலையில் கெட்டியாகலாம். தனியாக அளந்து சரிசெய்யுங்கள்.

#13 கிரேசி_13_14

வெறும் ஜெல்லோடு ஒப்பிட்டால் ‘குர்குமின் உதவியதா’ என்பதற்கு மட்டும்தான் பதில். ‘ஸ்கேலிங்குக்கு மேல் ஜெல் வைப்பது உதவியதா’ என்பது வேறு கேள்வி. அடிப்படையும் சும்மா இருக்கும் பொருள் என்று நிச்சயமில்லை, பாக்கெட் வாயை அடைத்து நிற்பதே ஏதாவது செய்யலாம். இரண்டுக்கும் பதில் வேண்டுமானால் மூன்று தொகுதி. ஆய்வேட்டு காலத்துக்குள் முடியாது என்றால் முதல் கேள்வியோடு நில்லுங்கள், தலைப்பையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

வேர்கள் பிரியும் இடம்வரை நோய் பரவிய (ஃபர்கேஷன்) இரண்டாம் வகுப்பு உள்ள கடைவாய்ப் பற்களை விட்டுவிடுங்கள். அங்கே க்யூரெட்டே சரியாகப் போகாது, ஜெல்லுக்கு நியாயம் கிடைக்காது.

#14 புரோப்_15

வருகை நாளின் வரிசையையும் எழுதிவிடுங்கள். உதவியாளர் மாறினால் எல்லாம் கலைந்துவிடும். ஈறு திரவம் எடுப்பதாக இருந்தால் அதுதான் முதலில்: மேற்பரப்பு பிளாக்கை எடுத்து, பஞ்சால் தனிமைப்படுத்தி, மெல்ல உலர்த்தி, பேப்பர் ஸ்ட்ரிப்பை 30 விநாடி. சிவந்த ஸ்ட்ரிப்பை வீசிவிடுங்கள், ரத்தம் கலந்தால் சீரத்தைத்தான் அளப்பீர்கள். ஜிஞ்சைவல் இண்டெக்ஸ் அடுத்து, கடைசியில் ஸ்டென்ட்டோடு ஆழமும் கசிவும். பிளாக் இண்டெக்ஸ் பதியும் இடங்களை ஸ்ட்ரிப் எடுக்கும் இடங்களிலிருந்து பிரித்துவையுங்கள், இல்லையென்றால் துடைத்த பல்லுக்கு 0 போடுவீர்கள்.

ஜெல் வைத்த நாளில்: ஒரு மணி நேரம் சாப்பிடவும் கொப்பளிக்கவும் கூடாது, 12 மணி நேரம் அந்த இடத்தில் பிரஷ் வேண்டாம், ஒரு வாரம் ஃப்ளாஸும் பல்லிடை பிரஷும் வேண்டாம். இந்த விதி இரு பக்கத்துக்கும் ஒன்றே. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் 6 மாதமும் கூடாது. வேறு நோய்க்காக ஆன்டிபயாட்டிக் எடுத்தால் தேதியோடு குறிக்க வேண்டும், ஆளைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது.

3 மாதத்தில் 5 மிமீக்கு மேல் கசிந்துகொண்டிருக்கும் இடத்தை என்ன செய்வீர்கள் என்றும் எதிக்ஸ் கமிட்டி கேட்கும். திரும்ப ஸ்கேலிங் செய்தால் 6 மாத எண் கலங்கும், செய்யாவிட்டால் நோயாளிக்கு அநியாயம். 3 மாத அளவையே முதன்மை முடிவாக்கி, அதன்பின் தேவைப்பட்ட எல்லா இடத்துக்கும் வழக்கமான சிகிச்சை என்று வைத்தால் இரண்டும் தீரும்.

#15 சராசரியை_நோக்கி

ஒப்புக்கொள்கிறேன். 6 மாதம் என்று நான் எழுதியதை 3 என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: 3 மாதத்தில் எத்தனை இடத்துக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது என்பதையே பக்கவாரியாக எண்ணி இரண்டாம் நிலை முடிவாக வையுங்கள்.

#16 பல்லவன்

மாற்றிய வடிவம்: ஸ்ப்ளிட் மவுத், 36 பேர், மறுபக்கம் டார்ட்ராசின் சேர்த்த வெறும் ஜெல், ஸ்கேலிங் முடிந்தபின் கவர், முதன்மை முடிவு 3 மாத ஒட்டுநிலை. முதலில் முன்னோட்டத்தில் தங்கும் காலம். அது 4 மணி நேரத்துக்குக் கீழே வந்தால்?

#17 கலவை407

நோயாளிகளைச் சேர்க்காதீர்கள். கார்போபால் 0.2–0.5% சேர்த்து மறுபடி. சேர்த்ததும் பிஎச் இறங்கும், நடுநிலையாக்க ட்ரைஎத்தனோலமைன் ஊற்றினால் காரப் பக்கம் ஓடிவிடும். சொட்டுச் சொட்டாக விட்டு, 6-லேயே நிறுத்துங்கள். கெட்டியாகும் வெப்பநிலையைத் திரும்ப அளக்க மறக்க வேண்டாம்.